213 போன பிறகு

உயிலைப் பற்றிக் கேட்பதற்காக ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் ‘புரொபேட் சட்டச் சீர்திருத்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்த பிறகும் வந்திருக்கிறீர்கள் என்றால், உங்களில் பாதிப் பேர் வீட்டு பீரோவில் ஒரு உயில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வழக்கொழிந்த 71 சட்டங்களைக் கழித்துக்கட்ட ஒரு சட்டம் இயற்றியது. அதே சட்டத்தின் வால்பகுதியில் நான்கு சட்டங்களுக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள். அந்த நான்கில் ஒன்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 213-ஆம் பிரிவு எடுக்கப்பட்டது. பத்திரிகைகளில் ஒரு நாள் செய்தி. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் தொழில் செய்கிற எங்களுக்கு, ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம் ஒன்று முடிந்துபோனது.

அந்தப் பிரிவு என்ன சொன்னது? உயிலின்படி எனக்கு இந்தச் சொத்து வர வேண்டும் என்று ஒருவர் நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டுமானால், முதலில் அந்த உயிலுக்கு புரொபேட் வாங்கிவர வேண்டும் என்றது. அதாவது ‘இது இறந்தவர் எழுதிய கடைசி உயில்தான், முறைப்படி எழுதப்பட்டதுதான்’ என்று நீதிமன்றம் முத்திரை வைத்துத் தரும் ஆணை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யாருக்குக் கட்டாயம் என்று கேட்டால்தான் வேடிக்கை தொடங்கும்.

முஸ்லிம்களுக்கு இல்லை. கிறிஸ்தவர்களுக்கு இருந்தது, 2002-ல் எடுத்துவிட்டார்கள். பார்சிகளுக்கு 1962-ல் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்து, சீக்கிய, சமண, பௌத்தர்களுக்கு? அது 57-ஆம் பிரிவைப் பொறுத்தது. அந்த 57-ஐ நீங்கள் படித்தால் 1870-ஆம் வருடத்து இந்து உயில்கள் சட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கும். 1870 செப்டம்பர் 1-க்குப் பிறகு, வங்காள லெப்டினன்ட் கவர்னரின் ஆட்சிப் பகுதியிலோ, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள்ளோ எழுதப்பட்ட உயில்; அல்லது வெளியே எழுதப்பட்டு அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலத்தைத் தொடும் உயில். வங்காளத்தில் மாகாணம் முழுக்க. இங்கே நகரம் மட்டும். லெப்டினன்ட் கவர்னர் போய் எத்தனை காலம்! அவருடைய எல்லை மட்டும் நம் சொத்துக்களின் மேல் கிடந்தது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தாம்பரத்தில் இருப்பவர் தாம்பரத்து வீட்டைப் பற்றித் தாம்பரத்திலேயே உயில் எழுதினால் புரொபேட் வேண்டாம். அவருக்கு தி.நகரில் ஒரு வீடும் இருந்து, அதையும் அதே உயிலில் எழுதிவிட்டால் வேண்டும். மயிலாப்பூரில் உட்கார்ந்து தஞ்சாவூர் வயலை எழுதினாலும் வேண்டும். அதே மனிதர் ரயிலேறிப் போய்த் தஞ்சாவூரிலேயே எழுதியிருந்தால் வேண்டாம். இதைத் தெரிந்த வழக்கறிஞர்கள், ‘கையெழுத்தை மட்டும் செங்கல்பட்டில் வைத்துக்கொள்ளுங்கள் சார்’ என்று சொல்லித் தருவதுண்டு. உயில் எழுத எண்பது வயதுக்காரரைக் காரில் ஏற்றி மாவட்ட எல்லை தாண்டவைத்த சட்டம் அது.

இது பாரபட்சம் இல்லையா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். கிளாரன்ஸ் பேய்ஸ் வழக்கு, 2001. மத அடிப்படையில் பாகுபாடு என்று சொல்ல முடியாது, வரலாற்றுக் காரணங்களால் அமைந்தது என்று நீதிமன்றம் பிரிவைக் காப்பாற்றியது. வரலாற்றுக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு விளக்கம்தானே ஒழிய நியாயம் ஆகிவிடாது என்பது என் கருத்து. ஆகவே நாடாளுமன்றம் 213-ஐ எடுத்ததை நான் வரவேற்கிறேன். இதற்குக் கைதட்ட வேண்டாம். அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

புரொபேட் மனு எப்படி நடக்கும் என்று பார்த்தவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். அசல் உயிலை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், மதிப்பு. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரின் பிரமாணப் பத்திரம். இறந்தவருக்கு உயிலே இல்லாவிட்டால் யார் யாருக்கெல்லாம் பங்கு போயிருக்குமோ, அவர்கள் அத்தனை பேரின் பெயரும் விலாசமும். ‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுக்கிறவர்களிடம் அதை வாங்கிவர வேண்டும். மற்றவர்களுக்கு நோட்டீஸ் போகும். நாளிதழில் விளம்பரம் வரும். யாராவது ஆட்சேபித்துக் கேவியட் போட்டால், ஓ.பி. என்று தொடங்கிய மனு டி.ஓ.எஸ். என்கிற வழக்காக மாறும். மாறிவிட்டால் பிறகு அதன் ஆயுசை யாரும் சொல்ல முடியாது. எதிர்ப்பு இல்லாத மனு மாதக்கணக்கில் முடிந்துவிடும். எதிர்ப்பு வந்தது பத்து வருடம் தாண்டியும் நடந்திருக்கிறது. வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், விளம்பரச் செலவு. இதையெல்லாம் வைத்துத்தான் மக்கள் புரொபேட்டை வெறுத்தார்கள். சரிதான். ஆனால் அந்த நோட்டீஸ் இருக்கிறதே, அதில் கொஞ்சம் நில்லுங்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கு. ஊர் பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் காலமானார். மனைவி முன்பே போய்விட்டார். ஒரு மகன், ஒரு மகள். மகன் என்னிடம் வந்தார். வீடு முழுவதும் தனக்கே என்று அப்பா எழுதிய உயில் கையில். பதிவு செய்யாத உயில், இரண்டு சாட்சிகள். மகள் கோயம்புத்தூரில். உயர் நீதிமன்ற நோட்டீஸ் கையில் கிடைத்தபோதுதான் அப்படி ஓர் உயில் இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியும். எதிர்த்தார். குறுக்கு விசாரணையில் சாட்சி ஒருவர், ‘கடைக்குக் கொண்டுவந்தார்கள், போட்டேன், பெரியவர் அங்கே இல்லை’ என்றார். இன்னொருவர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். 63-ஆம் பிரிவு, சாட்சிகள் ஒவ்வொருவரும் உயில் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதியவர் எதிரில் இருந்தே ஆக வேண்டும். உயில் நிற்கவில்லை. வீடு இருவருக்கும் சரிபாதி ஆனது. எங்கள் கட்சி தோற்றது. சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது.

இதே உயில் தாம்பரத்து வீட்டைப் பற்றியதாக, தாம்பரத்திலேயே எழுதியதாக இருந்திருந்தால்? மகன் அதை வைத்துப் பட்டா மாற்றம் கேட்டிருப்பார், சொத்து வரியில் பெயரை மாற்றியிருப்பார், ஓரிரு வருடத்தில் விற்றிருப்பார். வீடு கைமாறிய பிறகு ஒரு நாள் யாரோ சொல்லி அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். பிறகு வாங்கினவர் மீது வழக்கு. இப்போது 213 போன பிறகு, சென்னை வீடும் தாம்பரத்து வீடும் ஒன்றாகிவிட்டன. சமத்துவம் வந்துவிட்டது, உண்மை. மகளுக்குத் தகவல் கிடைக்காத நிலையில் வந்த சமத்துவம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி எடை உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை என்று 1989-லேயே சட்டம் திருத்திய மாநிலம் இது. மத்தியச் சட்டம் அந்த இடத்துக்கு வர 2005 ஆனது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஒருவர் தம் பங்கை உயிலால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறது. சட்டம் மகளுக்குக் கொடுத்ததை உயில் ஒரு பக்கத்தில் எடுத்துவிடலாம். எழுதுவது அப்பாவின் உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. அது உண்மையிலேயே அப்பா எழுதியதுதானா என்று கேட்க ஒரு வாய்ப்பாவது மகளுக்கு வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே துடைத்துவிடுகிறேன். ‘இனிமேல் புரொபேட் வேண்டாம், அதனால் உயில் தானாகவே செல்லும்’ என்று பலர் பேசுகிறார்கள். உயிலை நிரூபிக்கும் பாரம் எங்கும் போகவில்லை. வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்று சாட்சியச் சட்டம் இன்றும் சொல்கிறது. உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலை இருந்தால், அதைப் போக்குவது உயிலைக் கொண்டுவருகிறவர் பொறுப்பு என்று 1959-ல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இன்றும் நிற்கிறது. முன்பு அந்தச் சோதனை முதலிலேயே நடந்தது. இனிச் சண்டை வந்தால், வந்தபோது நடக்கும். அதற்குள் சாட்சிகள் இருப்பார்களா என்பது அவர்கள் ஆயுசைப் பொறுத்தது.

இன்னொன்று. புரொபேட் ஆணை உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. வழக்கில் இருந்தவர்களை மட்டும் அல்ல. வீடு வாங்குகிறவருக்கு அதுதான் நிம்மதி. அது இல்லாத இடத்தில் வங்கியின் வழக்கறிஞர் என்ன செய்வார்? கடன் கொடுக்கும் முன் எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேட்பார். அதாவது, சட்டம் கேட்காததைச் சந்தை கேட்கும். வாரிசுகளில் ஒருவர் கனடாவில் இருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், விற்க வேண்டியவர் கடைசியில் தாமாகவே புரொபேட்டுக்கு வருவார். ஆகவே என் தொழில் நண்பர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உயிலின் தாமதம் இந்த நகரத்துக்குப் புதிதில்லை. பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறத்துக்கு என்று எழுதிவைத்து 1794-ல் காலமானார். குடும்பத்தாருக்கும் பொறுப்பேற்றவர்களுக்கும் இடையே வழக்கு. சென்னையில் அன்று இருந்த சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் பிடித்துத்தான் பணம் அறத்துக்குத் திரும்பியது. பச்சையப்பர் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1842-ல். எழுதியதற்கும் எழுதியது நடந்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. மேற்பார்வை இல்லாத உயிலுக்கு என்ன ஆகும் என்பதற்கும் அதுதான் உதாரணம். நீதிமன்றத்தின் கையில் போன உயில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கும் அதுதான் உதாரணம்.

இந்த இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? அமெரிக்காவைப் பார்ப்போம், அங்கே வாரிசுரிமை மாநிலங்களின் கையில். புரொபேட்டைப் பற்றிய ஆத்திரம் நம்மைவிட அங்கே அதிகம். கனெக்டிகட்டில் நார்மன் டேசி என்பவர், வழக்கறிஞரே அல்ல, புரொபேட்டைத் தவிர்ப்பது எப்படி என்று 1965-ல் ஒரு தடிப் புத்தகம் போட்டார். உள்ளே கிழித்தெடுத்துப் பூர்த்தி செய்ய வேண்டிய டிரஸ்ட் படிவங்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டில் வைத்துவிடு, நீயே டிரஸ்டியாக இரு, வேண்டும்போது கலைத்துக்கொள், நீ போன பிறகு அது நேரே பிள்ளைகளுக்குப் போகும், கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம் என்பதுதான் சாரம். புத்தகம் விற்றுத் தள்ளியது. வழக்கறிஞர் உரிமம் இல்லாமல் சட்டத் தொழில் செய்கிறார் என்று நியூயார்க் வழக்கறிஞர் சங்கம் தடை வாங்கியது. 1967-ல் அந்த மாநிலத்தின் ஆக உயர்ந்த நீதிமன்றம் தடையை உடைத்தது. ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றால் ஒரு கணக்கு போதும். கலிபோர்னியாவில் இன்றும் புரொபேட் வழக்கறிஞரின் ஊதியம் சட்டத்திலேயே சதவீதமாக இருக்கிறது: முதல் லட்சம் டாலருக்கு 4, அடுத்த லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2. பத்து லட்சம் டாலர் வீடு என்றால் 23,000 டாலர். வீட்டின் மேல் எட்டு லட்சம் கடன் இருந்தாலும் அதைக் கழிக்க மாட்டார்கள். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டருக்கு அதே அளவு இன்னொரு 23,000.

இந்தச் சூட்டில்தான் 1969-ல் ஒரு மாதிரிச் சட்டத்தை, யூனிஃபார்ம் புரொபேட் கோடு என்று, வரைந்து மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் எடுத்துக்கொண்டது ஐடஹோ, 1971-ல். முழுமையாக ஏற்ற மாநிலங்கள் இன்றும் இருபதைத் தொடவில்லை. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் அதில் இல்லை. ஆனால் அது செய்த ஒரு காரியம் நமக்குப் பாடம். சண்டை இல்லாத உயிலை நீதிபதி பார்க்கத் தேவையில்லை, ரெஜிஸ்டிரார் ஒருவர் காகிதத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளலாம் என்றது. நீதிமன்றத்தைத் தூக்கிய அதே கையோடு, நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் எல்லா வாரிசுகளுக்கும் தகவல் அனுப்பியாக வேண்டும் என்று வைத்தது. ஆட்சேபிக்க மூன்று வருடம் என்று பொதுவாக ஒரு கெடுவும் வைத்தது. அதாவது விசாரணையைக் குறைத்தார்கள், தகவலைக் குறைக்கவில்லை. நாம் ஒரே வரியில் இரண்டையும் எடுத்துவிட்டோம்.

டேசி சொன்ன வழியை நம் ஊர்க்காரர்கள் அவரைப் படிக்காமலே கண்டுபிடித்தார்கள். அதற்குப் பெயர் செட்டில்மெண்ட் பத்திரம். ‘உயில் எழுதினால் புரொபேட் அது இதென்று அலைய வேண்டும், இப்போதே பையன் பெயருக்கு செட்டில்மெண்ட் போட்டுவிடுங்கள்’ என்ற யோசனையைக் கேட்காத சென்னைக் குடும்பம் உண்டா? குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்திலும் சலுகை. அமெரிக்கக்காரரின் டிரஸ்டில் கடைசிவரை கலைக்கும் உரிமை கையில் இருக்கும். நம் செட்டில்மெண்ட்டில் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் வீடு மகனுடையது. அப்புறம் அம்மா ஹாலில் படுக்க வேண்டும், பிறகு அதுவும் இல்லை. 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி முதியவர்கள் நிற்பதற்குப் பின்னால், புரொபேட்டுக்குப் பயந்து எழுதிய செட்டில்மெண்ட்களும் இருக்கின்றன. கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் ரத்து என்று 2022-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாயின் பக்கம் நின்றது. 213 நீங்கியதில் எனக்கு இருக்கும் உண்மையான மகிழ்ச்சி இதில்தான்: இனி ‘உயில் வேண்டாம், செட்டில்மெண்ட் போடு’ என்பதற்குச் சொல்லும் காரணத்தில் ஒன்று குறைந்தது. வீடு கடைசி மூச்சுவரை உங்கள் பெயரில் இருக்கட்டும்.

சரி, தகவலை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? டெல்லிக்குப் போக வேண்டாம். உயிலும் வாரிசுரிமையும் பத்திரப் பதிவும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. நிலப் பதிவேடுகள் மாநிலப் பட்டியலிலேயே இருக்கின்றன. 1989-ல் செய்த சட்டசபை இதையும் செய்யலாம். பட்டா மாற்றத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது இப்போதே உண்டு. ஆனால் சம்பந்தப்பட்டவர் யார் யார் என்பதைப் பெரும்பாலும் மனு போட்டவரே சொல்கிறார். உயிலின்பேரில் பட்டாவோ சொத்து வரிப் பெயர் மாற்றமோ கேட்டால், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும், அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிலின் நகலோடு நோட்டீஸ் போக வேண்டும், 60 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி எழுதினால் போதும். ஆட்சேபம் வந்தால் கோர்ட்டுக்குப் போங்கள். வராவிட்டால் பெயரை மாற்றுங்கள். இதற்கு நீதிபதி தேவையில்லை. ஸ்பீடு போஸ்ட் தேவை.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, அது அப்படியே இருக்கட்டும். நில உயில்களுக்கு 2004-ல் உத்தரப்பிரதேசம் பதிவைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2024-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. படுத்த படுக்கையில் எழுதுகிறவருக்கும் உயில் எழுத உரிமை வேண்டும். ஆனால் பதிவு செய்தவர்களுக்காவது பயன் கிடைக்கிறதா? பதிவு செய்த உயில் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகிறது. நீங்கள் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கும் புத்தகம் வேறு, ஒன்றாம் புத்தகம். ஆகவே முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உயில் தெரியாது. உயிரோடு இருக்கும்வரை அது ரகசியமாக இருக்க வேண்டியதுதான். இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் நகல் வாங்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவே சொல்கிறது. எந்த ஊர் அலுவலகத்தில் தேடுவது என்பதுதான் கேள்வி. இறந்தவர் பெயரைப் போட்டால் மாநிலம் முழுக்கத் தேடித் தரும் ஒரே அட்டவணை வேண்டும். பின்னால் எழுதிய உயிலை மறைத்து முன்னால் எழுதியதைக் காட்டுகிற வேலை அதோடு பெருமளவு ஓய்ந்துவிடும்.

சாட்சி விஷயத்தில் நாம் பழைய கடுமையிலேயே இருக்கிறோம். அமெரிக்க மாதிரிச் சட்டத்தில் 1990-ல் ஒரு வாசலைத் திறந்தார்கள்: சடங்கில் சின்னக் குறை இருந்தாலும், இறந்தவர் இதைத் தம் உயிலாகவே கருதினார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இருந்தால் ஏற்கலாம் என்று. எனக்கு இதில் தயக்கம் உண்டு. என் கட்சிக்காரர் வழக்கை நினைத்துப் பாருங்கள். அந்த வாசல் திறந்திருந்தால் அவர் அதன் வழியாக உள்ளே வந்திருப்பார். சாட்சி முறையைத் தளர்த்துவதானால், தகவல் முறையை முதலில் கெட்டியாக்க வேண்டும். வரிசை மாறினால் ஆபத்து.

டிரஸ்ட் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு முடிக்கிறேன். அது தனி மாலைக்கு உரிய விஷயம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு உயில் மட்டும் போதாது. பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதுதான் அவர்கள் கேள்வி. தனியார் டிரஸ்ட்களுக்கு இன்றும் 1882-ஆம் வருடச் சட்டம்தான். டிரஸ்டி கணக்குக் காட்டாவிட்டால் கேட்க வேண்டியவர், அந்தப் பிள்ளையேதான். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல், அஃபிஷியல் டிரஸ்டி அலுவலகம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது நகரத்தில் பலருக்குத் தெரியாது. யாரும் கேட்க முடியாத டிரஸ்ட்களுக்கு வருடத்துக்கொரு முறை கணக்குக் கேட்கும் பொறுப்பை அந்த அலுவலகத்துக்குக் கொடுத்து, அதற்குத் தேவையான ஆட்களையும் கொடுத்தால், புதிதாக ஒரு வாரியம் அமைக்க வேண்டியதில்லை.

சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ‘என் மாமனார் உயிலுக்கு ஏற்கெனவே ஓ.பி. போட்டிருக்கிறோம், வாபஸ் வாங்கலாமா?’ மனு பாதியில் நிற்கிறது, எல்லா வாரிசுகளும் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் வாபஸ் வாங்காதீர்கள். ஆணையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது வாங்குகிறவரே அதைக் கேட்பார். வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ பங்குகளோ இருந்தால் கட்டாயம் வாங்குங்கள், அவர்களுக்கு நம் 213 போனது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. யாரோ ஒருவர் கேவியட் போட்டு டி.ஓ.எஸ். ஆகிவிட்டது என்றால், மனுவை எடுத்துக்கொண்டு போவதால் சண்டை தீராது. அதே சண்டை பாகப்பிரிவினை வழக்காகச் சிட்டி சிவில் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கும். சாட்சி சொல்லப்போகிறவருக்கு இப்போது என்ன வயது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.